கடைசி வண்டிக்கு ஒரு அரிக்கேன்

உங்களுக்கெல்லாம் வேறு சோலியே கிடையாதா? தட்டில் பீடி இலை காய்ந்துகொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு, என் வீட்டு விட்டத்தில் தொங்கும் துருப்பிடித்த அரிக்கேனை ஏன் பழைய இரும்புக்காரனுக்குப் போடவில்லை என்று விசாரணை நடக்கிறது. உங்கள் வீட்டுக்காரர்கள்கூடத்தான் துருப்பிடித்துக் கிடக்கிறார்கள். ஏன் எடைக்குப் போடவில்லை என்று நான் என்றைக்காவது கேட்டேனா?

சரி, கேட்டுவிட்டீர்கள். நீங்கள் எல்லோரும் இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்து இங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். அதனால் உங்களுக்கு இது தெரிய வழியில்லை. பேத்தி எடுத்துவிட்டாள் என்பதற்காக என்னைக் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டில் எல்லாமே சீக்கிரம். கல்யாணம் சீக்கிரம், பிள்ளை சீக்கிரம், படிப்பு எல்லாவற்றுக்கும் முந்தி முடிந்துவிடும். எனக்கு அஞ்சாம் வகுப்போடு முடிந்தது. அந்த அஞ்சாம் வகுப்பில் நான் நாயாக இருந்தேன். சிரிக்காதீர்கள். சும்மா நாய் இல்லை, முதல் நாய்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கரண்டு கிடையாது. எங்கள் வீடு அந்தப் பாதியில் இருந்தது. அஞ்சாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். ஆற்றங்கரை அக்ரஹாரத்துக்காரர். தினமும் அம்பாசமுத்திரம் பஸ்ஸில் வந்து பாலத்தடியில் இறங்கி, குடையை விரித்துக்கொண்டு நடந்து வருவார். அவருடைய அண்ணன் அமெரிக்காவில் இருந்தார். அந்த அண்ணன் அனுப்பிய ஒரு காலண்டரை டீச்சர் கொண்டுவந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். எங்கள் ஊர்க் காலண்டரில் சாமி இருக்கும், இல்லையென்றால் சினிமாக்காரி இருப்பாள். இதில் மாதத்துக்கு மாதம் நாய்.

வெள்ளை வெளேரென்ற தரையில், வரிசையாகக் கட்டப்பட்ட நாய்கள் சக்கரமில்லாத ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு ஓடின. வண்டியின் பின்னால் ஒருத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். நாய்களுக்குக் காலில் உறை மாட்டியிருந்தது. எங்கள் வகுப்பில் செருப்புப் போட்டு வருகிற பிள்ளை ஒன்றே ஒன்றுதான், பீடிக்கடை அண்ணாச்சியின் மகள். நாய்க்குச் செருப்பு என்றதும் நாங்கள் எல்லோரும் அவளைத்தான் பார்த்தோம். அவள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அது பனியில் நடக்கிற பந்தயமாம். அந்த வருஷப் பாடம் முழுவதையும் டீச்சர் அந்த நாய்ப் பந்தயத்தின் மேலேயே ஏற்றிவிட்டார். நாய் தின்கிற மீனை வைத்துக் கணக்கு. நாய் போகிற வழியை வைத்துப் பூகோளம். பந்தயம் நடக்கிற ஊர் தூரம் என்பதால் அந்த வழியை எங்கள் ஆற்றின் மேல் வரைந்தார். சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, பாபநாசத்தில் தொடங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரவருணியைக் கடல்வரை இழுத்துக்கொண்டு போனார். புன்னைக்காயலில் முடிவு. வகுப்பைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டத்துக்கொரு தீக்குச்சி வண்டி. கணக்குச் சரியாகப் போட்டால், கட்டுரை பிழையில்லாமல் எழுதினால், வண்டி அடுத்த ஊருக்கு நகரும்.

ஆறு உறைந்துபோய், அதன் மேல் நாய் ஓடும் என்று டீச்சர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. சொல்லிப் பார்த்தார், படம் காட்டிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள், குலசேகரன்பட்டினத்து மீனைச் சைக்கிளில் விற்க வருகிறவரை வாசலில் நிறுத்தி, பெட்டியிலிருந்த ஐஸை விலைக்கு வாங்கினார். மீன்காரர் பயந்துபோனார். அக்ரஹாரத்து அம்மாள் மீன் பெட்டிக்குள் கைவிடுகிறாரே, உலகம் முடியப் போகிறதோ என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஐஸைத் தரையில் பரப்பினார். நாங்கள் ஒவ்வொருவராக ஏறி நின்றோம். உள்ளங்கால் முதலில் குளிர்ந்தது, பிறகு சுட்டது, பிறகு கால் இருக்கிற இடமே தெரியவில்லை. இன்றைக்கும் யாராவது அமெரிக்கா என்றால் எனக்குச் சாளை மீன் வாடைதான் வரும்.

காலுறை பற்றிய பாடத்தன்று நாங்கள் கந்தல் துணியில் உறை தைத்தோம். நூலுக்கு என்ன பஞ்சம், வீட்டுக்கு வீடு பீடி நூல். தைத்ததைத் தெருநாய்க்கு மாட்டினோம். அது ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறி உதறி, பொண்ணு பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி தெருவில் நடந்தது. தார் ரோட்டுக்கு வந்ததும் ஓட ஆரம்பித்ததுதான், மூன்று நாலு தெரு தாண்டி ஓடிவிட்டது. சூடு படவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு ஊரில் செருப்போடு போனது அண்ணாச்சி மகளும் அந்த நாயும்தான்.

முதல் நாயைப் பற்றி மட்டும் டீச்சர் தனியாக ஒரு பாடம் சொன்னார். வண்டி ஓட்டுகிறவர் பின்னால் நிற்கிறார். அவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஐஸ் எங்கே கெட்டி, எங்கே மெல்லிசு என்பது முதல் நாயின் காலுக்குத்தான் தெரியும். மெல்லிசாக இருந்தால், 'போ' என்று எவ்வளவு கத்தினாலும் அது போகாது. படுத்துவிடும். அதற்காக அதை அடிக்கக் கூடாது, அதுதான் நல்ல நாய்.

இதைக் கேட்ட அன்று சாயங்காலமே நான் வீட்டில் பரீட்சை பண்ணிப் பார்த்தேன். பீடிக் கட்டைக் கடையில் போட்டுவிட்டு வா என்று அம்மா சொன்னாள். நான் அசையாமல் நின்றேன்.

"என்னட்டி, கல்லு மாதிரி நிக்க?"

"ஐசு மெல்லிசா இருக்கும்மா. போவ முடியாது."

விளக்குமாற்றுக்கு அந்தப் பாடம் தெரியாது. முதுகில் இழுத்த இழுப்பில் கடைக்கு ஓடினேன்.

இப்போது அரிக்கேனுக்கு வருகிறேன், பொறுங்கள். முதலில் புன்னைக்காயல் சேருகிற கூட்டத்துக்கு ஆளுக்கொரு பென்சில் டப்பா என்று டீச்சர் சொல்லியிருந்தார். கடைசியாக வருகிறவர்களுக்கு ஒரு சிவப்பு அரிக்கேன். பந்தயம் நடக்கிற ஊரில் அப்படி ஒரு வழக்கமாம். கடைசி வண்டி வந்து சேருகிறவரை முடிவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்குமாம். கேலிக்கு இல்லை, ஒருத்தர் பனியில் பாக்கி இருக்கிறார், அவர் வராமல் பந்தயம் முடியவில்லை என்பதற்காக. டீச்சர் அம்பாசமுத்திரத்தில் புது அரிக்கேன் ஒன்று வாங்கி, அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, பீரோவுக்குள் வைத்திருந்தார்.

வகுப்பே பென்சில் டப்பாவுக்கு அடித்துக்கொண்டது. நான் மட்டும் யோசித்தேன். பென்சில் டப்பாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்த வருஷத்தோடு என் பென்சில் தீர்ந்தது, பள்ளிக்கூடம் அடைத்த மறுநாள் பீடித் தட்டு மடிக்கு வந்துவிடும் என்று எனக்கே தெரியும். அம்மா சிம்னி விளக்கடியில் குனிந்து குனிந்து சுற்றி, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக்கு வேண்டியது அரிக்கேன். அன்றிலிருந்து என் கணக்கெல்லாம் தப்பாக வர ஆரம்பித்தது. எங்கள் தீக்குச்சி வண்டி சேரன்மகாதேவியில் படுத்துக் கிடந்தது. டீச்சருக்குச் சந்தேகம் வந்து, வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறாயா என்று கேட்டார். ஐஸ் வழுக்குகிறது டீச்சர் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா, கோபப்பட்டாரா என்று தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு பிள்ளை கால் சூம்பினவள். ஊருக்குத் துணி வெளுக்கிறவர் வீட்டுக் கடைக்குட்டி. எந்த விளையாட்டிலும் அவளுக்கு வேலை கிடையாது, எங்கள் செருப்பில்லாத கால்களைப் பார்த்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் டீச்சர், படத்தில் பார்த்தது போதும், ஓடிப் பார்க்கலாம் என்றார். பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு பெரிய காய்ந்த பனை மட்டையைப் போட்டார். பனை மட்டையில் ஒருத்தரை உட்காரவைத்து இழுப்பது நாம் எல்லோரும் ஆடின ஆட்டம்தானே. அதில் கயிறு கட்டி எங்களை வரிசையாக இடுப்பில் பிணைத்தார். முன்னால் நான். நடுவில் இரண்டு பிள்ளைகள். அடுத்து அண்ணாச்சி மகள். மட்டையில் யார் என்று கேட்டபோது, அந்தக் கால் சூம்பினவளைத் தூக்கி உட்காரவைத்தார்.

அவளுக்கு வந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே. அவள் அப்பா கழுதையை ஓட்டும் சத்தம் அவளுக்கு அத்துப்படி. நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தால் வலது பக்கம், இன்னொரு சத்தத்துக்கு இடது பக்கம். கழுதைப் பாஷை எங்கள் நான்கு நாய்களுக்கும் உடனே புரிந்தது. ஆனால் செம்மண் தரையில் மட்டை நகரவில்லை. வண்டியை ஒட்டி நிற்கிற நாய்தான் அதிகப் பாரம் இழுக்க வேண்டும், அண்ணாச்சி மகளுக்கு அவ்வளவு தெம்பில்லை. நாங்கள் டீச்சரைப் பார்த்தோம். அவர் வாசல் கதவைப் பார்த்தார், சாத்தியிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மட்டையை ஒட்டிக் கயிற்றுக்குள் நுழைந்தார். அன்றைக்கு எழும்பிய புழுதி இன்னும் என் பல்லில் இருக்கிறது.

அண்ணாச்சி மகள் வீட்டுக்குப் போய், இடுப்பில் கயிற்றுத் தடத்தைக் காட்டி, வண்டியில் யார் உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேல் அண்ணாச்சிக்குக் காது கேட்கவில்லை. டீச்சரும் இழுத்தார் என்பதை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஊரெல்லாம் ஒரே பேச்சு. அக்ரஹாரத்து டீச்சர் நம் பிள்ளைகளை நாய் என்கிறாள், கழுத்தில் கயிறு கட்டி ஓட்டுகிறாள். இடுப்பு எப்போது கழுத்தானது என்று எனக்குத் தெரியாது. நாய் என்ற சொல் எங்கள் தெருவில் லேசான சொல் இல்லை, உங்களுக்குத் தெரியும். அதிலும் சொன்னது யார், கேட்டது யார் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் அம்மாவுக்கே வயிறு எரிந்தது. டீச்சர் அதை யோசித்திருக்க வேண்டும். படத்து நாய்கள் அவர் கண்ணுக்கு அவ்வளவு உசத்தியாகத் தெரிந்ததில், இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்பதை மறந்துவிட்டார். ஆனால் அண்ணாச்சிக்கு வலித்தது அந்தச் சொல் இல்லை. தன் மகள் இழுத்த மட்டையில் யார் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான். அதை வாய்விட்டுச் சொன்னால் கேஸ் அவர் மேலேயே திரும்பும். அதனால் நாயைப் பிடித்துக்கொண்டு மேலே புகார் எழுதிப் போட்டார்.

விசாரணைக்குப் பள்ளிக்கூட ஆபீசர் வரப் போகிறார் என்று தெரிந்ததும் அண்ணாச்சி என் அம்மாவைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். முதல் நாயாக ஓடினது நான், ஆகவே நான்தான் சாட்சி. டீச்சர் நாய் என்று திட்டினார், அழ அழ ஓட்டினார் என்று நான் சொல்ல வேண்டும். அந்த வாரம் அம்மா கொண்டுபோன கட்டுகளை அவர் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கழிவு என்று கூடையில் எறிந்தார். இந்தத் தெருவிலேயே அம்மா கைப் பீடிதான் அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் கழிவு என்றால் என்ன அர்த்தம் என்பது அம்மாவுக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதைச் சொல்லித் தொலை என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபீசர் ஜீப்பில் வந்தார். அண்ணாச்சி கடையிலிருந்து அவருக்கு ஒரு கலர் சோடா வந்தது. டீச்சர் சுவரோரம், அந்தக் கால் சூம்பின பிள்ளை எப்போதும் உட்காருகிற இடத்தில், நின்றுகொண்டிருந்தார். டீச்சர் உங்களை நாய் என்றார்களா என்று ஆபீசர் கேட்டார். ஆமாம் என்றேன். அண்ணாச்சி தலையை ஆட்டினார். கயிறு கட்டினார்களா? கட்டினார்கள். அழுதாயா? என்று கேட்டதும் நான் நின்றுவிட்டேன். அண்ணாச்சி கண்ணால் 'போ' என்றார். ஜன்னல் வழியாக அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். என் காலுக்குக் கீழே ஐஸ் மெல்லிசாக இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"அழல சார். நான் முதல் நாய். எனக்குப் பின்னால ரெண்டு நாய். அதுக்குப் பின்னால அண்ணாச்சி மவ நாய். கடைசில டீச்சர் நாய்."

ஆபீசர் கலர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"டீச்சருமா இழுத்தாங்க?"

"ஆமா சார். கடைசி நாய்க்குத்தான் பாரம் ஜாஸ்தி. எங்களுக்குத் தெம்பு இல்லல்லா, அதான்."

மட்டையில் யார் இருந்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் அண்ணாச்சி பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"இப்ப உங்க புகார் என்ன அண்ணாச்சி? நாய்னு சொன்னதா, வண்டில அந்தப் பிள்ள இருந்ததா?"

அண்ணாச்சி வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆபீசர்கள் எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் சந்தோஷப்படுத்துகிறவர்கள். இனிமேல் பள்ளிக்கூடத்தில் கயிறு கூடாது என்று ஓர் உத்தரவு. வருஷக் கடைசியில் டீச்சரைத் திசையன்விளைப் பக்கம் மாற்றி இன்னோர் உத்தரவு. டீச்சர் மட்டை இழுத்த சேதி பஸ் ஏறி அவருடைய தெருவுக்கும் போயிருக்கும். அங்கே என்ன பேசினார்களோ, அவர் சில நாள் கண் வீங்கி வந்தார்.  என் கணக்கு நோட்டைத் திருத்தும்போது மட்டும் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்பார். எங்கள் அம்மாவின் கட்டுகள் அதற்குப் பிறகும் பல வாரம் கூடைக்குத்தான் போயின. வீட்டில் ஒருவேளைதான் உலை வைத்தோம்.

பள்ளிக்கூடம் அடைக்கிற நாள் வந்தது. மற்ற தீக்குச்சி வண்டிகளெல்லாம் புன்னைக்காயல் சேர்ந்து, பென்சில் டப்பாக்கள் கைக்குக் கை மாறின. எங்கள் வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. டீச்சர் பீரோவைத் திறந்து அரிக்கேனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். வண்டி வந்து சேராமல் விளக்கைக் கொடுக்க முடியாது, அது அந்த ஊர்ச் சட்டம் என்றார். மூன்று மணிப் பஸ்ஸுக்குப் பாலத்தடியில் நிற்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

நான் வீட்டுக்கு ஓடினேன். நாங்கள் பாலத்தடிவரை ஓடப் போகிறோம், ஆனால் கயிறு கூடாதாம் என்று அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து நான் பீடி சுற்ற அம்மா ஒரு புதுத் தட்டைத் துடைத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொடியில் கிடந்த தன் பழைய சேலையை உருவி முறுக்க ஆரம்பித்தாள்.

"சேல கயிறு இல்லல்லா. கொண்டு போ, ஏட்டி."

பாலத்துக்குப் போக ஒரே வழி, அண்ணாச்சி கடைத் தெரு. பட்டப் பகல். பெண்களெல்லாம் கட்டோடு கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் நான், நடுவில் இரண்டு பேர், மட்டையில் அவள். பின்னால் இழுக்க ஆளில்லை, டீச்சர் பாலத்தடியில் நிற்கிறார். கடைக்கு நேராக வந்ததும் மட்டை ஒரு கல்லில் மாட்டி நின்றுவிட்டது. அவள் நாக்கை மடித்து எல்லாச் சத்தமும் கொடுத்துப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கடைக்குள்ளிருந்து அண்ணாச்சி மகள் இறங்கி வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டாள். மட்டையை ஒட்டிச் சேலைக்குள் நுழைந்து, இடுப்பில் முடிந்தாள். அண்ணாச்சி எழுந்து நின்று, உள்ளே வா என்று அதட்டினார். அவள் சேலை முடிச்சை இறுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள், பயம்தான்.

"வர முடியாதுப்பா. அங்கன ஐசு மெல்லிசா இருக்கு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. மட்டை கல்லைத் தாண்டிக்கொண்டு கிளம்பியது.

பாலத்தடியில் பஸ் வந்து நின்று, கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டிருந்தார். டீச்சர் ஏறவில்லை. அவ்வளவு வெயிலில் அந்தச் சிவப்பு அரிக்கேன் எரிந்துகொண்டிருந்தது. சுடர் கண்ணுக்கே தெரியவில்லை, கண்ணாடிக்கு மேலே காற்று மட்டும் நெளிந்தது. நாங்கள் அவர் காலடியில் போய் விழுந்தோம். அவர் திரியை இறக்கி அணைத்தார். மட்டையில் இருந்தவள் மடியில் விளக்கை வைத்தார். எல்லோரும் வந்தாச்சு என்று சொல்லிவிட்டு ஏறினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

விளக்கு யாருக்கு என்று எங்களுக்குள் சண்டை வரவில்லை. வண்டிக்காரி அதை என்னிடம் நீட்டினாள். அவள் வீட்டிலும் கரண்டு கிடையாது, ஆனாலும் நீட்டினாள். அந்த வெளிச்சத்தில்தான் நான் பீடி சுற்றப் படித்தேன், அந்த வெளிச்சத்தில்தான் அம்மா கண் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது. கண்ணாடி எப்போதோ உடைந்தது. சிவப்பு உரிந்தது. காலண்டர் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, அடுத்த வருஷம் அந்த ஆணியில் ஒரு சாமி தொங்கியது.

அன்றைக்கு நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தபோது, கடை வரிசையில் சிரித்த அதே பெண்கள் வாசல் வாசலாக நின்றார்கள். கழிவுக் கூடைக்குப் போனது போக மிச்சத்துக்குக் கிடைத்த கூலியைக் கையில் பிடித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாயாக இழுத்து, கடைசியாக வந்து, அதற்கொரு பரிசு வேறா என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே நின்று அரிக்கேனை முகத்துக்கு நேரே தூக்கினேன்.

"ஆமா, நான் நாய்தான். இழுன்னா இழுப்பேன், ஐசு மெல்லிசா இருந்தா நிப்பேன். கட்டைப் பிரிச்சுக் கூடையில எறிஞ்சாலும், மறுநாளும் வால ஆட்டிக்கிட்டு அண்ணாச்சி வாசல்ல போயி நிக்கீயளே, அது எந்த ஊரு நாய்? தெரியலன்னா பக்கத்துல வாங்க. வெளக்கு நான் பிடிக்கேன்."